கணினிப் படம் காட்டுவதென்றால் துளை அட்டையையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழும்பூர் அரசு அருங்காட்சியகமோ, கோட்டூர்புரம் அறிவியல் தொழில்நுட்ப மையமோ தொடக்ககாலக் கணினிகளைப் பற்றிய பழைய படம் ஒன்றைப் பொதுமக்களுக்குத் திரையிட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. எந்தப் படம் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. 1957ல் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வெளியிட்ட ‘டெஸ்க் செட்’. வால்டர் லாங் இயக்கம், ஸ்பென்சர் டிரேசியும் கேத்தரின் ஹெப்பர்னும் நடித்தது, 103 நிமிடம். மே 18 உலக அருங்காட்சியக நாள், அன்றே வைத்துக்கொள்ளலாம்.

இத்துடன் கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட திரையீடு எங்கெங்கே கெடும் என்பது திரையரங்கில் படம் ஓட்டும் கேபினில் நின்றவர்களுக்கும், தகவலைத் துளைகளாகப் பதியும் பஞ்ச் கார்டு என்ற துளை அட்டை அறையில் உட்கார்ந்தவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஒரு பென் டிரைவை மடிக்கணினியில் செருகி, கூட்ட அறைப் புரொஜெக்டரில் ஓட்டிவிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டால் அது அருங்காட்சியகத் திரையீடு ஆகாது. வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தவர் அதைவிட நன்றாகவே பார்த்திருப்பார்.

முதலில் இந்தப் படம் ஏன் என்று சொல்லிவிடுகிறோம். நியூயார்க்கில் ஓர் ஒலிபரப்பு நிறுவனம். அதன் தகவல் பிரிவில் நான்கு பெண்கள். யார் தொலைபேசியில் எதைக் கேட்டாலும் தேடிப் பிடித்துப் பதில் சொல்வார்கள். அங்கே டேப்பை விரித்துத் தரையை அளந்துகொண்டு ஒரு பொறியாளர் வந்து சேர்கிறார். பின்னாலேயே ‘எமராக்’ என்ற இயந்திரம் வருகிறது. வேலை போய்விடும் என்ற பயம் அந்த அறையில் பரவுகிறது. ஐ.பி.எம். நிறுவனம் உதவிய படம் இது. நன்றி என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போடுகிறார்கள். அதனால் இயந்திரம் கடைசியில் நல்லபிள்ளையாகிவிடும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இருந்தும், கணினி என்றாலே உலகை அழிக்கும் பூதம் என்று காட்டிய பிற்காலப் படங்களைவிட, ஒரு சாதாரண அலுவலகத்துக்குள் அது நுழையும்போது என்ன நடக்கும் என்பதை இந்தப் படம் கூர்மையாகப் பார்த்திருக்கிறது.

எமராக்கில் எது மெய், எது பொய் என்பதை வருகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அது ஓடாத இயந்திரம். படப்பிடிப்புக்காகச் செய்த செட். மின்னும் விளக்குகள் எதையும் கணக்கிடவில்லை. உண்மையான இயந்திரத்தின் முகப்பில் இருந்த சிறு நியான் விளக்குகளுக்கு வேலை இருந்தது. ஒவ்வொன்றும் பதிவகத்தில் (கணக்கிடும் எண்ணைத் தாங்கும் இடம்) ஓர் இருமத்தை, அதாவது 0 அல்லது 1 என்ற ஒரு பிட்டை, காட்டும். ஓட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, எந்த இடத்தில் கணக்கு தவறுகிறது என்று பார்ப்பதற்கு அவை. ஓடும்போது கண்ணுக்கு வெறும் மினுமினுப்பாகத் தெரிந்ததை சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

காந்த நாடா இன்னொன்று. படங்களில் நாடாச் சக்கரங்கள் சீராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நிஜத்தில் அது வெட்டி வெட்டித்தான் ஓடும். ஒரு தொகுதித் தகவலைப் படித்ததும் நிற்க வேண்டும், கணக்கு முடிந்ததும் சில மில்லி நொடிக்குள் மறுபடி ஓட வேண்டும். 10½ அங்குலச் சக்கரத்தில் அரை அங்குல அகல நாடா 2,400 அடி சுற்றியிருக்கும். அந்தக் கனத்தை அவ்வளவு வேகமாக நிறுத்தவும் கிளப்பவும் முடியாது. நேரடியாக இழுத்தால் நாடா அறுந்துவிடும். அதனால் இரண்டு சக்கரத்துக்கும் கீழே செங்குத்தான இரு குழிகள் வைத்து, காற்றை உறிஞ்சி, நாடாவை அவற்றில் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். படிக்கும் தலைப்பகுதி அந்தத் தளர்விலிருந்து எடுத்துக்கொள்ளும். சக்கரம் பின்னால் மெதுவாக ஈடுகட்டும். 1950களின் ஐ.பி.எம். 727 இப்படித்தான் நொடிக்கு 75 அங்குலம் நாடாவை ஓட்டி, 15,000 எழுத்துகளைப் படித்தது.

படத்தில் இருக்கும் மிகப் பெரிய பொய், கொள்ளளவு. ஸ்ப்ரூஸ் மரங்களைத் தின்னும் புழுவால் அமெரிக்கக் காடுகளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்கிறார்கள், இயந்திரம் பைசா சுத்தமாகச் சொல்கிறது. நூலகத்தையே விழுங்கியிருந்தால்தான் அது முடியும். 1956ல் வந்த ஐ.பி.எம். ராமாக், வட்டு நினைவகத்தோடு விற்பனைக்கு வந்த முதல் கணினி. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் அது வைத்திருந்தது 50 லட்சம் எழுத்து. பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று வைத்தால் 2,500 பக்கம். தடித்த புத்தகம் ஐந்தாறு. அதை உள்ளே ஏற்ற என்ன பாடு? ஓர் அட்டையில் 80 எழுத்து, ஆக 62,500 அட்டை. தேர்ந்த ஆபரேட்டர் மணிக்கு 8,000 விசைகள் தட்டினால் 625 மணி நேரம். சரிபார்க்க இன்னொருவர் அதே அளவு மறுபடி தட்ட வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் எட்டு மணி நேர வேலைநாளில் ஐந்து மாதத்துக்கு மேல், ஞாயிறு விடுமுறையும் இல்லாமல். ஐந்தாறு புத்தகத்துக்கு!

சாதாரண ஆங்கிலத்தில் கேள்வி கேட்பதும் அப்படியே. அமெரிக்காவில் 1961ல்தான் ஒரு கணினி நிரல் ஆங்கிலக் கேள்விக்குப் பதில் சொன்னது. அதுவும் ஒரே ஒரு பருவத்தின் பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றி மட்டும்.

ஆனால் படம் சரியாகப் பிடித்த இடங்களும் உண்டு. தூசி கூடாது, வெப்பம் ஏறக்கூடாது, கதவைத் திறந்து வைக்காதே என்று இயந்திரத்தோடு வரும் பெண் ஆபரேட்டர் எரிந்து விழுகிறாரே, அது முழுக்க மெய். கார்ஃபு தீவைப் பற்றிக் கேட்டபோது அவர் கர்ஃப்யூ என்று தட்டிவிட, இயந்திரம் ஒரு பழைய கவிதையை வரிவரியாக அச்சடித்துத் தள்ளுகிறது. நிஜ இயந்திரம் கவிதை சொல்லாது, நின்றுவிடும் அல்லது தவறான பதிவை எடுத்துக் கொடுக்கும். ஆனால் உள்ளே போகும் ஒரு தவறு வெளியே எப்படிப் பெருகும் என்பது அந்தக் காட்சியில் இருக்கிறது. சம்பளப் பிரிவு இயந்திரம் நிறுவனத்தில் அத்தனை பேருக்கும் வேலை நீக்கச் சீட்டு அச்சடித்துவிடும் காட்சியைப் பார்த்துச் சிரிப்பவர்கள், சம்பளப் பட்டியல் ஓட்டியவரிடம் கேட்டுப் பார்க்கட்டும். கடைசியில் பொறியாளர் ஒரு கொண்டை ஊசியை வாங்கி இயந்திரத்தைச் சரிசெய்வதும் அவ்வளவு அபத்தம் இல்லை. அட்டை சிக்கினால் கிழிந்த துண்டை வெளியே இழுக்க மெல்லிய உலோகத் தகடு ஒன்று ஒவ்வொரு பஞ்ச் அறையிலும் இருந்தது.

இனித் திரையீட்டுக்கு வருவோம். டெஸ்க் செட் சினிமாஸ்கோப் படம். அகலம் உயரத்தைப்போல 2.35 மடங்கு. இயந்திரம் அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிற்க, ஆட்கள் இரு ஓரங்களில் நின்று பேசுவார்கள். பழைய தொலைக்காட்சிப் பிரதிகளில் இரு பக்கமும் வெட்டி 4:3 சதுரத்துக்குள் அடைத்திருப்பார்கள். படத்தின் 43 விழுக்காடு போய்விடும். ஆள் பேசுவார், யாரிடம் பேசுகிறார் என்று தெரியாது. அப்படிப்பட்ட பிரதி கையில் கிடைத்தால் திரையிடாமல் விடுவதே மரியாதை. முழு அகலப் பிரதியாக இருந்தாலும் புரொஜெக்டரை ‘ஃபுல்’ என்ற நிலையில் வைத்தால் கறுப்புப் பட்டைகள் மறைந்து எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு உயரமாகிவிடுவார்கள். பட்டை இருக்கிறதே என்று பதறி அதைப் போக்கிவிடும் ஆர்வலர் எல்லா அரங்கிலும் ஒருவர் இருப்பார். ரிமோட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

35 மி.மீ. பிரிண்ட் கிடைத்தால் ஓட்டலாமா? ஓட்டலாம், நிபந்தனையோடு. இந்த நீளம் ஏறக்குறைய 9,270 அடி. 2,000 அடி ரீலாக ஐந்து, ஆறு வரும். ஒரு ரீல் 22 நிமிடம் ஓடும். இரண்டு புரொஜெக்டர் இல்லாவிட்டால் ரீலுக்கு ஓர் இடைவேளை. பக்கவாட்டில் சுருக்கிப் பதித்த படம் என்பதால் இரண்டு மடங்கு விரிக்கும் ஸ்கோப் லென்ஸ் வேண்டும். படப்பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பயன்படுத்துங்கள். புளித்த காடி வாடை அடித்தால் ஃபிலிமின் அசிட்டேட் அடிப்படலம் சிதைய ஆரம்பித்துவிட்டது. சென்னையின் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். சிதையும் ஃபிலிம் சுருங்கும். ஒரு விழுக்காட்டை நெருங்கிச் சுருங்கியிருந்தால் ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் உட்காராது, கிழியும். அந்த ரீலை ஓட்டவே கூடாது. நிறமும் ஏமாற்றும். அந்தக் கால ஈஸ்ட்மன் வண்ணப் பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது இளஞ்சிவப்பு. ஹெப்பர்ன் முகமும் சுவரும் இயந்திரமும் ஒரே ரோஸ் நிறத்தில் தெரிந்தால் அது இயக்குநரின் கலைநோக்கு இல்லை. தீப்பிடிக்குமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம் தயாரிப்பு 1950களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.

நடைமுறையில் டி.சி.பி. என்னும் டிஜிட்டல் பிரதிதான் வரும். ஸ்கோப் படமென்றால் 2கே அளவில் 2048க்கு 858 புள்ளி. அதில் பூட்டு இருந்தால் கே.டி.எம். என்ற சாவிக் கோப்பு தனியாக வரும். குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறக்கும். மாலை 6 முதல் ஏழரை வரை என்று சாவி வாங்கிவிட்டு, சிறப்பு விருந்தினர் வர ஏழேமுக்கால் ஆனால் படமே திறக்காது. சாவியை முந்தின நாள் காலையிலிருந்து மறுநாள் நள்ளிரவுவரை செல்லுபடியாகும்படி கேட்டு வாங்குங்கள். முந்தின நாளே முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் பார்த்துத் திருப்திப்பட்டு எழுந்துவிடுவது போதாது. கோப்பில் பழுது நடுவில்தான் இருக்கும்.

டிஸ்க்கில் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு சோதனை. ஐரோப்பிய, இந்திய முறை டிவிடியில் படம் நொடிக்கு 24க்குப் பதில் 25 சட்டமாக (ஃபிரேம்) ஓடும். 103 நிமிடப் படம் 99 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்கள் சற்றுக் கீச்சென்று ஒலிக்கும். உறையில் ஓடும் நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புளூ-ரேயாக இருந்தால் பிளேயரை 24 சட்ட வெளியீட்டுக்கு மாற்றிவிடுங்கள். 60ல் விட்டால் கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களிலெல்லாம் படம் திக்கித் திக்கிப் போகும்.

வெளிச்சக் கணக்கைப் பார்க்காமல் புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்காதீர்கள். திரை 16 அடிக்கு 9 அடி என்றால் 144 சதுர அடி. டிஜிட்டல் திரையரங்குக்கு வைத்திருக்கும் அளவு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரைப் பிரகாசத்தின் அலகு). பெருக்கினால் புரொஜெக்டர் தர வேண்டிய வெளிச்சம் சுமார் 2,000 லூமன், சாதாரண வெள்ளைத் திரைக்கு. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண் ‘பிரைட்’ நிலையில் எடுத்தது. அந்த நிலையில் தோல் நிறம் பச்சையடிக்கும். சினிமா நிலைக்கு மாற்றினால் வெளிச்சம் வெகுவாகக் குறையும், விளக்கு பழசானால் இன்னும் குறையும். ஆகவே 4,000 லூமனுக்குக் குறையாமல் கேளுங்கள். பகலில் திரைச்சீலை போட்ட சன்னல்களை நம்பாதீர்கள். மே மாதத்தில் மாலை ஆறரை மணிக்குமேல் தொடங்குவதுதான் சரி.

எழும்பூர் வளாகத்தின் மியூசியம் தியேட்டர் 1896லிருந்து நிற்கும் நாடக அரங்கு. இருக்கைகள் மேடையை அரைவட்டமாகச் சுற்றியிருக்கும். நாடகத்துக்கு அருமையான அமைப்பு, ஸ்கோப் படத்துக்குச் சங்கடம். பக்கவாட்டில் கடைக்கோடியில் உட்காருபவருக்குத் திரை ஒரு கோடாகத் தெரியும். நடு அச்சிலிருந்து இருபுறமும் 35 பாகைக்குள் வரும் இருக்கைகளை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைக் கயிறு கட்டி மூடுங்கள். கூட்டம் அதிகமானால் இரண்டு காட்சி போடலாம். புரொஜெக்டரைத் திரையின் நடுவுக்கு நேராக, சாயாமல் வையுங்கள். சாய்த்து வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ என்று நிமிர்த்தினால் கூர்மை போகும், படத்தின் கறுப்புப் பட்டையும் கோணலாகும். ஒலிக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கி வேண்டாம். இந்தப் படம் முழுக்க முழுக்கப் பேச்சு, அதுவும் வேகப் பேச்சு. திரையின் நடுவில், கீழே, ஒரு நல்ல ஒலிபெருக்கி. பேஸ் ஒலியைக் குறையுங்கள். கல்யாண மண்டபத்துக்கு அமைப்பதுபோல் அமைத்தால் ஒரு சொல்லும் விளங்காது.

தமிழ் வசன வரிகள் இல்லாமல் திரையிடாதீர்கள் என்று இருமுறை சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே 1957ன் அமெரிக்கப் பேச்சு பாதிதான் பிடிபடும். ஒரு தடவைக்கு இரண்டு வரி, அதற்குமேல் வேண்டாம். மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் விட்டுத்தான் ஆக வேண்டும்; எல்லாவற்றையும் போட்டால் மக்கள் படத்தைப் பார்க்காமல் வரிகளையே படித்துக்கொண்டிருப்பார்கள். தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று இருக்கிறது: பல திரையரங்க சர்வர்களுக்குத் தமிழ் எழுத்தை அடுக்கத் தெரியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக மிதக்கும். எழுத்துக் கோப்பாகக் கொடுக்காமல் ஒவ்வொரு வரியையும் பி.என்.ஜி. படமாக்கி டி.சி.பி.யில் சேர்க்கச் சொல்லுங்கள்; பிறகு எந்த சர்வரிலும் உடையாது. 16:9 புரொஜெக்டரில் ஓட்டுவதாக இருந்தால் ஒரு வசதி. 16 அடி அகலத்தில் ஸ்கோப் படத்தின் உயரம் 6.8 அடிதான். மேலும் கீழும் 1.1 அடி கறுப்பாகக் கிடக்கும். படத்தை மேல்விளிம்போடு ஒட்டவைத்தால் கீழே 2.2 அடி கிடைக்கும். வசன வரிகள் அங்கே போகட்டும், நடிகர் முகத்தின் மேல் ஏற வேண்டாம்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கடையில் வாங்கிய டிஸ்க்கோ ஓ.டி.டி. சந்தாவோ பொதுத் திரையீட்டுக்கு அனுமதி ஆகாது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குப் பதிப்புரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, ஆகவே இது இலவசம் என்று யாராவது வாதிடுவார்கள். திரைக்கதைக்கும் அதன் மூலமான மேடை நாடகத்துக்கும், எழுதியவர் இறந்து 60 ஆண்டுவரை தனியாக உரிமை இருக்கிறது. எழுதிக் கேட்டு வாங்குங்கள். தணிக்கைச் சான்று அல்லது அதிலிருந்து விலக்கு, இதையும் ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

இப்போது அட்டை. படத்துக்கு முன் ஒரு மணி நேரம் அரங்க வாசலில் மேசை போட்டு, துளை அட்டை என்றால் என்ன என்று கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். இது இல்லாவிட்டால் படம் வெறும் காதல் நகைச்சுவையாகப் போய்விடும். 7⅜ அங்குல நீளம், 3¼ அங்குல அகலம், 0.007 அங்குலத் தடிமன். 80 நெடுவரிசை, 12 கிடைவரிசை. மேலிருந்து கீழே 12, 11, 0, பிறகு 1 முதல் 9. ஒரு மூலை வெட்டியிருக்கும், தலைகீழாகவோ திருப்பியோ அடுக்கியது ஓரத்தைப் பார்த்தாலே தெரிவதற்காக. எண்ணுக்கு ஒரு துளை. ஆங்கில எழுத்துக்கு இரண்டு: ஏ முதல் ஐ வரை 12ஆம் வரிசையில் ஒன்று, 1 முதல் 9க்குள் ஒன்று, ஜே முதல் ஆர் வரை 11ஆம் வரிசையில் ஒன்று, 1 முதல் 9க்குள் ஒன்று, எஸ் முதல் இஸட் வரை 0 வரிசையில் ஒன்று, 2 முதல் 9க்குள் ஒன்று. கலா என்ற பெயரை கே, ஏ, எல், ஏ என்று எழுதினால் 11-2, 12-1, 11-3, 12-1. பிள்ளைகள் எஸ் எழுத்தில்தான் தடுமாறுவார்கள். அது 0-2, 0-1 போட்டால் சாய்கோடு ஆகிவிடும். சுரேஷ்களும் செல்விகளும் அதிகம் வரும் ஊர், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உண்மையான அளவில் நெடுவரிசைக்கு நெடுவரிசை 0.087 அங்குலம்தான் இடைவெளி, கடையில் கிடைக்கும் துளைக்கருவி நுழையாது. இரு மடங்காகப் பெரிதாக்கி, 14¾க்கு 6½ அங்குலமாக ஏ3 தாளில் அச்சடியுங்கள். நெடுவரிசை 4.4 மி.மீ. இடைவெளிக்கு வரும், 3 மி.மீ. துளைக்கருவி போதும். நடுப்பகுதிக்குக் கைக்கருவியின் வாய் எட்டாது. தோல்வேலைக்காரர்கள் பயன்படுத்தும் குழாய் உளியும் கீழே ஒரு மரப்பலகையும் வாங்கி வையுங்கள். 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) தாள் ஏறக்குறைய அசல் அட்டையின் விறைப்பைத் தரும்.

அட்டையைப் பிரித்து அடுக்குவதையும் செய்து காட்டலாம். மூன்று இலக்க எண்கள் போட்ட அறுபது அட்டையும், 0 முதல் 9 வரை எழுதிய பத்துப் பெட்டிகளும் போதும். முதல் சுற்றில் ஒன்றாம் இலக்கத்தைப் பார்த்து அந்தந்தப் பெட்டியில் போட வேண்டும். 0 பெட்டியிலிருந்து 9 வரை வரிசை மாறாமல் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சேர்த்து, அடுத்த சுற்றில் பத்தாம் இலக்கம், கடைசியில் நூறாம் இலக்கம். மூன்றே சுற்றில் அறுபதும் வரிசைக்கு வந்துவிடும். நூறாம் இலக்கத்திலிருந்து தொடங்கினால் வராது. பெட்டிக்குள் அட்டைகளை ஒருமுறை தலைமாற்றி எடுத்தாலும் வராது. இயந்திரம் இதையே நிமிடத்துக்கு ஆயிரம் அட்டை வேகத்தில் செய்தது. கீழே கொட்டினால் கண்டுபிடிப்பதற்காக அட்டைக் கட்டின் மேல்விளிம்பில் மார்க்கரால் ஒரு கோணல் கோடு இழுப்பார்கள்; கோடு உடைந்திருந்தால் வரிசை குலைந்திருக்கிறது. நிரல் அட்டைகளில் 73 முதல் 80 வரையுள்ள நெடுவரிசைகளை வரிசை எண்ணுக்கு ஒதுக்குவதும் இதற்காகத்தான்.

படத்தில் ஆபரேட்டர் தவறாகத் தட்டும் காட்சிக்கு முன்னுரையாக, சரிபார்ப்பு முறையைச் சொல்ல வேண்டும். துளையிட்ட அட்டை வெரிஃபையர் என்ற இயந்திரத்துக்குப் போகும். வேறொருவர் அதே தாளைப் பார்த்து மறுபடி தட்டுவார். எல்லாம் ஒத்துப்போனால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். ஒத்துப்போகாத நெடுவரிசைக்கு மேலே வெட்டு விழுந்தால் அட்டை திரும்பிப் போகும். கட்டைத் தட்டி நேராக்கி ஓரத்தைப் பார்த்தாலே சரிபார்க்காத அட்டை தனியாகத் தெரியும்.

ஈரம் இந்த ஊரில் அட்டைக்குப் பகை. ஈரம் குடித்த அட்டை நீளும், வளையும். ஐ.பி.எம். 1401ன் அட்டைப் படிப்பான் நிமிடத்துக்கு 800 அட்டையை இழுக்கும். வளைந்த அட்டை வாயிலேயே சிக்கி, பின்னால் வருவதையும் கசக்கிவிடும். துளை வழியாகக் கம்பித் தூரிகை உருளையைத் தொட்டால்தான் மின்சாரம் பாயும். தாள் விரிந்திருந்தால் துளை தள்ளிப் போயிருக்கும். அதனால்தான் 2,000 அட்டைப் பெட்டிகளை ஒரு நாள் முன்பே குளிர்ந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். மேலதிகாரிக்கு மின்விசிறி, கணினிக்கு ஏ.சி. என்று அலுவலகங்களில் பேசிக்கொண்டதற்குக் காரணம் இது.

நம் நாட்டுக் கதையைச் சொல்லும் ஒரு பலகையும் வாசலில் இருக்கட்டும். படம் வெளியான 1957ல் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பிரிட்டனிலிருந்து வந்த ஹெச்.இ.சி. இயந்திரமும், மும்பை டாடா ஆய்வுக் கழகத்தில் நம்மவர்களே கட்டிய முன்மாதிரியும் இருந்தன. அந்த முன்மாதிரி வளர்ந்து 1960ல் முழுமையாக இயங்கி, 1962ல் ‘டிஃப்ராக்’ என்று பெயர் பெற்றது. அதில் 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள்; நினைவகம் 40 இருமம் கொண்ட 2,048 சொற்கள், அதாவது இருமத்துக்கு ஒன்றாக 81,920 ஃபெரைட் காந்த வளையங்கள். அந்தக் குழுவை நடத்திய ஆர். நரசிம்மன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். சென்னையில் எத்தனை மாணவர்களுக்கு இது தெரியும்? ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு 1973ல் வந்த ஐ.பி.எம். 370/155 பற்றியும் எழுதலாம். அட்டைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு அச்சடித்த தாளுக்காகக் காத்திருந்த மாணவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.

படம் முடிந்தபின் அரைமணி நேரம் பேசலாம். முன்னால் ஐந்து நிமிடத்துக்குமேல் யாரும் பேச வேண்டாம். பேச்சு வேலையைப் பற்றி இருக்கட்டும். 1960களில் எல்.ஐ.சி.யில் கணினியை எதிர்த்து ஊழியர்கள் போராடியதும், 1969ல் தன்னியக்கம் (ஆட்டோமேஷன்) பற்றி தாண்டேகர் குழு அமைந்து 1972ல் அறிக்கை தந்ததும், 1984ல் வங்கிக் கணினிமயத்துக்கு ரங்கராஜன் குழு வழிசொன்னதும் படத்தின் கதையோடு நேராகப் பொருந்தும். படம் அந்தப் பயத்தைச் சுலபமாகத் தீர்த்துவிடுகிறது: ஆட்குறைப்பு இல்லை, எல்லாம் தவறான அச்சு என்று. பஞ்ச் ஆபரேட்டர் என்ற வேலையே சில பத்தாண்டுகளில் மறைந்ததைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சென்னையில் அந்த வேலை செய்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, ஒலிவாங்கியை அமைச்சருக்கு முன்பாக அவர்களுக்குக் கொடுத்தால் கேட்க எவ்வளவோ இருக்கும்.

பழைய அட்டைக் கட்டுகள், 132 எழுத்து அகல அச்சுத் தாள்கள், நிரல் எழுதிய தாள்கள், நாடாச் சக்கரங்கள் பலர் வீட்டுப் பரணில் கிடக்கும். திரையீட்டன்று அவற்றை வாங்கிக்கொள்ள அருங்காட்சியகம் ஒரு மேசை போடட்டும். கொண்டுவருபவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. ரப்பர் பேண்ட் இருந்தால் இழுக்காதீர்கள். இந்த வெயிலில் அது உருகி அட்டையோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் அச்சும் சேர்ந்து வரும். லேமினேட் செய்யாதீர்கள், பின் குத்தாதீர்கள். பூஞ்சை படிந்த நாடாவை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தனிப் பையில் கட்டி அப்படியே கொடுங்கள். வாங்கிக்கொள்பவர் எந்த அலுவலகம், எந்த ஆண்டு, எந்த இயந்திரம், எந்த வேலைக்கான கட்டு என்று அங்கேயே எழுதிக்கொண்டு, கொடையா இரவலா என்பதைக் குறித்து, கையெழுத்திட்ட ரசீது தர வேண்டும். கட்டின் வரிசையை யாரும் கலைக்கக் கூடாது. தூசி தட்டுவதாக இருந்தாலும் முதலில் மேல்விளிம்பை ஒரு படம் எடுத்துவிட்டுத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
துளை அட்டை இயந்திரங்களிலும் திரையரங்கக் கேபினிலும் பணியாற்றிய வாசகர்கள் சிலர்,
சென்னை